எஸ்.ஆர்.ஏ. திட்டத்தில் உங்கள் சபைக்கும் ஒரு கூடம்: ஆராதனையும் சமூகப் பணியும் ஒரே கட்டடத்தில் நடக்கத் திட்டமிடுவது எப்படி?

மும்பையில் தாராவி, சயன் கோலிவாடா, அண்டாப் ஹில், செம்பூர், கோவண்டி என்று தமிழர் நிறைந்த பகுதிகளில், குடிசைகளை இடித்து மாடிக் கட்டடத்தில் இடம் தரும் எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) திட்டத்துக்காகச் சர்வே நம்பர் எழுதாத கதவே குறைந்துவிட்டது. வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சந்துக்குள் தகர ஷீட் போட்டு நடக்கும் சபைக்கு என்ன கிடைக்கும், அங்கேயே நடக்கும் டியூஷனுக்கும் தையல் வகுப்புக்கும் என்ன வழி என்று கேட்டால் பதில் வராது. சபைக் கமிட்டியில் புதிதாக இந்தப் பொறுப்பை ஏற்றவர்களுக்காக இதை எழுதுகிறோம். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். பில்டரோடு முதல் கூட்டம் முடிந்த பிறகு முதல் படிக்குத் திரும்பிப் போவது மிகவும் கடினம்.

1. இன்றைய பரப்பளவைக் காகிதத்தில் ஏற்றுங்கள்

மும்பையின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில், டி.சி.பி.ஆர். 2034-ல், 33(10) என்பதுதான் குடிசை மறுவாழ்வுக்கான விதி. அரசு வழிகாட்டுதல்படி அனுமதிக்கப்படும் வழிபாட்டு இடம், மறுமேம்பாட்டுக்கு முன் இருந்த பரப்பைத் தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. இன்று 120 சதுர மீட்டர் என்றால் நாளையும் அதிகபட்சம் 120தான். சர்வேக்காரர் 80 என்று எழுதிவிட்டால் உங்கள் உச்சவரம்பும் 80 ஆகிவிடும்.

ஆகவே சர்வே வருவதற்கு முன்பே ஒரு லைசென்ஸ்டு சர்வேயரை வைத்து அளந்து, கையெழுத்தும் முத்திரையும் போட்ட வரைபடம் ஒன்றை வாங்கி வையுங்கள். அதோடு சேர்க்க வேண்டியவை: மிகப் பழைய மின் கட்டண ரசீது, மாநகராட்சி வரி ரசீது, அறக்கட்டளைப் பதிவுச் சான்றிதழ், சொத்துப் பட்டியலான ஷெட்யூல் 1-ன் நகல், தேதி தெரியும் பழைய புகைப்படங்கள், ஞானஸ்நான மற்றும் திருமணப் பதிவேட்டின் பக்கங்கள். பதிவேடுகளை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இத்தனை வருஷமாக அதே இடத்தில் சபை நடந்தது என்பதற்கு அவற்றைவிட நல்ல சான்று குறைவு.

இங்கே மூன்று குழிகள் உண்டு.

முதலாவதுதான் மிகப் பெரியது. மின் மீட்டரும் போட்டோ பாஸும் (குடிசைக்காரருக்கு அரசு தரும் புகைப்பட அடையாளச் சீட்டு) போதகர் பெயரில் இருக்கும். சர்வேக்காரர் அதைப் பார்த்து "குடியிருப்பு" என்று எழுதிவிடுவார். முடிவில் போதகருக்கு ஒரு வீடு கிடைக்கும், சபைக்கு ஒன்றும் கிடைக்காது. போதகர் நல்லவரா கெட்டவரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சர்வே தாளில் பயன்பாட்டுக் கட்டத்தில் என்ன எழுதினார்கள் என்பதை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, மாலா. பாடகர் குழு உட்காரும் மேல்தட்டைப் பெரும்பாலும் பரப்பில் சேர்க்க மாட்டார்கள். சபையார் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகைக்குப் பந்தல் போடும் முற்றமும் கணக்கில் வராது. அந்த உபயோகங்களுக்கெல்லாம் புதுக் கட்டடத்தில் இருக்கிற அளவுக்குள்தான் இடம் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்றாவது, தேதி. பொது இடங்களில் புதிதாக வழிபாட்டு இடம் எழுப்ப 2009 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. உங்கள் கூடம் அதற்கு முன்பே இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் மேலே பேச அதிகம் இல்லை.

தகுதிப் பட்டியலான அனெக்சர் 2 ஒட்டப்பட்ட அன்றே தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். மேல்முறையீட்டுக் காலம் அங்கிருந்து ஓடும்.

2. எது சபையுடையது, எது சொசைட்டியுடையது?

அதே 33(10)-ல், 250 குடும்பத்துக்கு அல்லது அதன் பகுதிக்கு ஒன்று என்ற கணக்கில் 25 சதுர மீட்டரில் நலக்கூடம், பால்வாடி, அதோடு வேறு இரண்டு வசதிகள் கட்டித் தர வேண்டும் என்று இருக்கிறது. 600 குடும்பம் என்றால் மூன்று மடங்கு, அதாவது 75 சதுர மீட்டர் நலக்கூடம். இதுவும் சபை இடமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால்தான் "பொதுக் கட்டடம்" என்ற பேச்சுக்கே அர்த்தம் உண்டு.

ஆனால் நலக்கூடம், குடியிருப்போரின் கூட்டுறவு வீட்டுச் சங்கமான சொசைட்டியின் பொறுப்பில் வருவது. தவறாகப் பயன்படுத்தினால் எஸ்.ஆர்.ஏ. எடுத்துக்கொள்ளலாம். நலக்கூடத்தையும் சபையையும் பிரிக்கும் சுவரை மடக்குச் சுவராக வைத்து, ஞாயிற்றுக்கிழமை திறந்து பெரிய சபையாக்கலாம் என்று யாராவது ஒருவர் கட்டாயம் யோசனை சொல்வார். செய்யாதீர்கள். வரைபட ஒப்புதலில் இது பரப்பை மறைமுகமாகக் கூட்டுவதாகப் படும். பக்கத்துச் சொசைட்டிக்காரர் ஒருவர் ஒரே ஒரு புகார் எழுதினால் இரண்டு கூடமும் சிக்கலில் மாட்டும். நடுவே முழுச் சுவர், முன்னால் பொதுத் தாழ்வாரம், இரண்டுக்கும் தனித்தனி வாசலும் மீட்டரும் இருக்கட்டும். சபைக்கு நலக்கூடம் தேவைப்படும் நாளில் மற்ற குடியிருப்போரைப் போலவே வாடகை கட்டி ரசீது வாங்குங்கள்.

சமூகப் பணியைச் சபையின் சொந்தக் கூடத்திலேயே வார நாட்களில் நடத்துவதுதான் உறுதியான வழி. அதற்குப் பணி செய்யும் அமைப்போடு லீவ் அண்ட் லைசன்ஸ் (குறிப்பிட்ட காலத்துக்கு இடத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும்) ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள். முத்திரைத் தீர்வை மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், மாநகரப் பகுதியில் பதிவுக் கட்டணம் 1000 ரூபாய். அறக்கட்டளைக் கட்டடத்தை மூன்று வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விட, மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 36-வது பிரிவுப்படி அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனரின் முன் அனுமதி தேவை. எனவே காலத்தைக் குறைவாக வைத்துப் புதுப்பித்துக்கொண்டே போகிறார்கள்.

3. வரைபடத்துக்கு முன் வார அட்டவணை

பரப்பைக் கூட்ட முடியாது என்பதால் கூடத்தை நேரத்தால்தான் பிரிக்க முடியும். ஏழு நாள் குறுக்கே, காலை 6 முதல் இரவு 10 வரை நெடுக்கே ஒரு கட்டம் போடுங்கள். ஞாயிறு ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, புதன் ஜெபம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் பயிற்சி, பெண்கள் சங்கம் ஆகியவற்றை முதலில் நிரப்புங்கள். பெரும்பாலான சபைகளில் வாரத்துக்கு 15 மணி நேரத்தைத் தாண்டாது. மீதிதான் டியூஷன், தையல், மருத்துவ முகாம், முதியோர் சந்திப்பு.

ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றே விவரம் போதும்: எத்தனை பேர், தரையிலா நாற்காலியிலா, முடிந்ததும் எந்தப் பொருள் எங்கே போகும். மூன்றாவதை விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் தையல் மிஷின்கள் பலிபீடத்துக்குப் பின்னால் அடுக்கப்பட்டிருக்கும். கட்டட வடிவமைப்பில் இதைவிட முக்கியமான தாள் கிடையாது என்பது எங்கள் எண்ணம். ஆர்க்கிடெக்டுக்கு இதைக் கொடுத்துவிட்டுப் பிறகு படம் போடச் சொல்லுங்கள்.

4. பில்டரின் ஆர்க்கிடெக்டிடம் கேட்க வேண்டியவை

கேட்பதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வழிபாட்டு இடம், நலக்கூடம், பால்வாடி எல்லாமே மறுவாழ்வுப் பகுதிக் கட்டுமானப் பரப்பில் சேரும். அந்தப் பரப்பை வைத்துத்தான் பில்டருக்கு விற்பனைக் கட்டட உரிமை கணக்கிடப்படுகிறது. அவர் தருமம் செய்யவில்லை, நீங்கள் தயங்கவும் வேண்டாம்.

தூண்கள்: 300 சதுர அடி வீடுகள் அடுக்கிய கோபுரத்தின் அடியில் உங்கள் கூடம் வந்தால், தூண்கள் நாலு ஐந்து மீட்டருக்கு ஒன்றாகக் கூடத்தின் நடுவில் இறங்கும். அவற்றைக் கூடத்துக்கு மேலேயே நிறுத்திவிட, பாரத்தை ஓரத் தூண்களுக்கு மாற்றும் பெரிய விட்டம் (டிரான்ஸ்பர் கர்டர்) வேண்டும். பில்டர் ஒப்பமாட்டார். கோபுரத்துக்கு வெளியே ஓரமாகத் தனித் தாழ்கட்டடம், அல்லது மேலே வீடு வராத போடியம் (கோபுரத்தின் கீழுள்ள அகலமான தாழ்தளம்) ஓரம் என்று கேளுங்கள்.

பாரம்: குடியிருப்புத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் லைவ் லோடுக்கு, அதாவது ஆட்களும் சாமான்களும் தரும் பாரத்துக்குக் கணக்கிடுகிறார்கள். நிலையான இருக்கை இல்லாத கூட்ட அரங்குக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875-ன் இரண்டாம் பகுதி சொல்வது 5. தரைத் தளம் மண்மேல் நேரடியாக இருந்தால் கவலையில்லை. கீழே பார்க்கிங் இருந்தாலோ முதல் மாடியாக இருந்தாலோ, ஸ்ட்ரக்சரல் டிராயிங்கில் உங்கள் ஸ்லாபின்மேல் 5 என்று எழுதியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். கட்டிய பிறகு இதைத் திருத்த முடியாது.

உயரம்: குடியிருப்புத் தளம் மூன்று மீட்டருக்குள் அடங்கிவிடும், பீம் அதற்கும் கீழே தொங்கும். நூறு பேர் பாடும் கூடத்துக்கு நாலரை மீட்டர் கேளுங்கள்.

குழாய்கள்: மேலே வீடுகள் வந்தே தீரும் என்றால் பிளம்பிங் படத்தை வாங்கி உங்கள் கூடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். மேல் வீட்டுக் கழிவறையின் நாலு அங்குலக் குழாய், முழங்கை வளைவோடு பலிபீடத்துக்கு நேர் மேலே ஓடுவது அபூர்வமான காட்சி இல்லை. மழைக்காலத்தில் அந்த வளைவில்தான் முதலில் கசியும்.

தரை மட்டம்: 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த ஊர் இது. சாலை மட்டத்திலிருந்து 600 மில்லிமீட்டராவது தரை உயரட்டும். மின் பலகையும் ஆம்ப்ளிபையரும் அதற்கும் மேலே ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். அந்த 600-க்கு 1:12 சரிவில் 7.2 மீட்டர் நீளச் சாய்தளமும் இரு முனையிலும் ஒன்றரை மீட்டர் திரும்பும் இடமும் தேவை. சக்கர நாற்காலிக்கு இடம் ஒதுக்காமல் வாசலை முடிவு செய்யாதீர்கள்.

5. 120 சதுர மீட்டரை எப்படிப் பிரிப்பது

கூடத்துக்கு 90 (10 × 9 மீட்டர்), கழிவறைகளுக்கு 13, சாமான் அறைக்கு 8, போதகர் அறைக்கு 6, பரிமாறும் மேடைக்கு 3. போதகர் அறையில் வார நாட்களில் ஆலோசனை, ரேஷன் கார்டு மனு எழுதுவது போன்றவை நடக்கலாம்.

பலிபீட மேடைக்கு 15 போனால் மீதி 75. நிலையான இருக்கை இல்லாத நெருக்கமான கூட்டத்துக்கு ஆளுக்கு 0.65 சதுர மீட்டர் என்ற கணக்கில் சுமார் 115 பேர். இந்த எண்ணைக் கதவருகே எழுதி ஒட்டுங்கள். வெளியே திறக்கும் கதவு இரண்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று ஒரு கதவின் முன் குடிலும் மறு கதவின் முன் ஸ்பீக்கரும் வைக்கிற பழக்கத்துக்கு இப்போதே முற்றுப்புள்ளி வையுங்கள்.

சாமான் அறையில் கஞ்சத்தனம் கூடாது. 115 பிளாஸ்டிக் நாற்காலியைப் பத்துப் பத்தாக அடுக்கினால் 12 அடுக்கு, அதுவே நாலு சதுர மீட்டர் ஆகிவிடும். தையல் மிஷின், குழந்தைகளின் பாய், கீபோர்டு இன்னும் பாக்கி. திருவிருந்துப் பாத்திரங்களுக்குத் தனிப் பூட்டுள்ள சுவர் அலமாரி வையுங்கள். பலிபீடத்தை நகர்த்தும்படி செய்வதா என்பதில் சபைக்குள் சண்டை வரும். மேடையை நிலையாக வைத்து முன்னால் ஒரு திரை போட்டுவிடுவது இரு தரப்பும் ஏற்கும் ஏற்பாடு.

கழிவறையில் பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு ஒன்றும் இரண்டு சிறுநீர்க் கோப்பையும், சக்கர நாற்காலி நுழையும் ஒன்று. ஆராதனை முடியும் நிமிடத்தில் வரிசை நிற்பது எப்போதும் பெண்கள் பக்கம்தான். கமிட்டியில் ஆண்களே இருந்தால் இந்த எண்ணிக்கை தலைகீழாகிவிடும்.

முழுச் சமையலறை இந்தப் பரப்பில் வேண்டாம். அசனத்துக்குச் சோறும் குழம்பும் வெளியே ஆக்கிக் கொண்டுவந்து பரிமாறுங்கள். வெளியே சமைக்கும்போதும் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய எல்பிஜி 100 கிலோ வரைதான். 19 கிலோ சிலிண்டர் ஐந்துக்கு மேல் அடுக்கக் கூடாது என்று அர்த்தம்.

6. ஒலி: எல்லோரும் கடைசியில் நினைப்பது

பில்டர் கொடுப்பது பூசிய சுவர், டைல்ஸ் தரை, வெறும் கான்கிரீட் கூரை. எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. 10 × 9 × 4.5 மீட்டர் கூடத்தின் கொள்ளளவு 405 கன மீட்டர். எதிரொலி அடங்கும் நேரத்துக்கான எளிய சூத்திரம்: 0.161-ஐக் கொள்ளளவால் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது ஒலியை உறிஞ்சும் விகிதமான உறிஞ்சு எண்ணால் பெருக்கிக் கூட்டியது) வகுக்க வேண்டும். காலிக் கூடத்தில் உறிஞ்சு பரப்பு 10 சதுர மீட்டர்தான் தேறும், எதிரொலி ஆறு விநாடிக்கு மேல் நிற்கும். நூறு பேர் உட்கார்ந்தால் அவர்கள் உடையும் உடலுமே 45 சதுர மீட்டர் உறிஞ்சும், நேரம் 1.2 விநாடிக்கு இறங்கிவிடும். ஞாயிறு ஆராதனையில் பாட்டு நன்றாகத்தான் கேட்கும். செவ்வாய்க்கிழமை 25 பிள்ளைகளோடு டியூஷன் எடுக்கும் அக்காவுக்குத்தான் மூன்று விநாடிக்கு மேலான எதிரொலியில் தொண்டை கிழியும். பேச்சு புரிய ஒரு விநாடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தீர்வு விலை உயர்ந்ததல்ல. கூரையில் பாதிக்கு, 45 சதுர மீட்டருக்கு, ஒலி உறிஞ்சும் பலகை மாட்டுங்கள். உறிஞ்சு எண் 0.8 என்றால் டியூஷன் நேரத்தில் 1.2 விநாடிக்குள், முழுச் சபையில் 0.7 விநாடி. பாட்டுக்கு அது சற்று வறட்சிதான், கீபோர்டும் மைக்கும் இருப்பதால் சமாளிக்கலாம். வாங்கும்போது உறிஞ்சு எண்ணை டெஸ்ட் ரிப்போர்ட்டில் காட்டச் சொல்லுங்கள். அலங்கார ஜிப்சம் சீலிங் இந்த வேலையைச் செய்யாது. கடைக்காரர் செய்யும் என்றுதான் சொல்வார்.

வெளியே போகும் சத்தம் வேறு கணக்கு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய கூடத்துக்குள் உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் என்றால் விலக்கு உண்டு. ஆகையால் டிசம்பர் 31 ஆராதனையில் சன்னல்களை மூடியே ஆக வேண்டும். மூடினால் 115 பேருக்குக் காற்று? ஆளுக்கு விநாடிக்கு 10 லிட்டர் வைத்தால் மணிக்குச் சுமார் 4,100 கன மீட்டர். அந்த அளவுக்கு எக்ஸாஸ்ட் விசிறியும், எதிர்ப்புறத்தில் ஒலித் தடுப்புள்ள காற்று வழியும் ஆரம்பப் படத்திலேயே இடம் பெறட்டும்.

வீடுகள் பக்கம் இருக்கும் சுவர் 230 மில்லிமீட்டர் செங்கல், இருபுறமும் பூச்சு. நூறு மில்லிமீட்டர் பிளாக் போட்டால் டிரம்ஸ் சத்தம் பக்கத்து வீட்டுத் தொட்டில் வரை போகும். பெரிய இரண்டு ஸ்பீக்கரைவிடச் சிறிய நாலு ஸ்பீக்கர் குறைந்த சத்தத்தில் நல்லது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். புகார்களில் பாதி பாட்டால் வருவதில்லை, நாற்காலியை இழுக்கிற சத்தத்தால் வருகிறது.

7. ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய வரிகள்

மாற்று இடத்துக்கான ஒப்பந்தம் அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும், போதகர் பெயரில் இருக்கக் கூடாது. கார்பெட் பரப்பு (சுவர்களுக்கு உள்ளே உள்ள தரை) சதுர மீட்டரில், தளம், தெளிவான உயரம், தளப் பாரம், தனி வாசல், தண்ணீர் இணைப்பு, தனி மின் மீட்டர் ஆகிய எல்லாமே எழுத்தில் வந்து, கையெழுத்திட்ட வரைபடம் இணைப்பாக வேண்டும். "ஆர்க்கிடெக்ட் விருப்பப்படி மாறலாம்" என்ற வரியை அடித்துவிடுங்கள்.

கட்டி முடியும் வரை சபை எங்கே கூடும்? வீட்டுக்காரர்களுக்கு இடைக்கால வாடகை பேசும் கூட்டத்திலேயே சபைக்கும் கேளுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது. வேலை முடியச் சில வருஷம் ஆகும் என்றே கணக்குப் போடுங்கள்.

அரசுத் தாள்களின் வரிசை எல்.ஓ.ஐ. (திட்ட ஒப்புதல் கடிதம்), ஐ.ஓ.ஏ. (வரைபட ஒப்புதல்), சி.சி. (கட்டுமானத் தொடக்கச் சான்று), ஓ.சி. (குடிபுகும் சான்று). ஒவ்வொன்றிலும் உங்கள் கூடம் எந்தப் பெயரில், எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று பாருங்கள். எல்.ஓ.ஐ.-யில் இருந்தது திருத்திய படத்தில் காணாமல் போவது உண்டு. நிலமே அறக்கட்டளையுடையது என்றால் அதைக் கொடுத்துப் புது இடம் வாங்கவும் 36-வது பிரிவு அனுமதி முன்கூட்டியே தேவை. வக்கீலை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

8. பணம்

வெறும் கூட்டைத்தான் பில்டர் தருவார். ஒலிப் பலகை, எக்ஸாஸ்ட், ஸ்பீக்கர், அலமாரி, நாற்காலி எல்லாம் சபையின் செலவு. ஒப்பந்த வேலைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. கொட்டேஷன் "வரி தனி" என்று வந்தால் ஒப்பிடும் முன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் இந்தியப் பாஸ்போர்ட்டோடு தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று வருஷச் செயல்பாடும் 15 லட்சம் செலவுக் கணக்கும் கேட்பார்கள்.

நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி விலக்கு வேண்டும் என்று நன்கொடையாளர் கேட்பார். மதச் செலவு ஐந்து சதவீதத்தைத் தாண்டும் அறக்கட்டளைக்கு அது ஒத்துவராது. சமூகப் பணிக்குத் தனி அமைப்பு வைப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

கூடத்தை வெளியாருக்கு விடும்போது நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால், வருமான வரியில் பதிவான மத அறக்கட்டளையின் பொது வழிபாட்டு வளாகத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. விலைப் பட்டியல் போடும்போது நினைவில் வையுங்கள்.

9. சாவி வாங்கும் நாள்

ஓ.சி. இல்லாமல் சாவி வாங்காதீர்கள். டேப்பும் லேசர் மீட்டரும் கொண்டுபோய் கார்பெட் பரப்பை அளந்து பாருங்கள். பூச்சுக்குப் பின் ஒன்றிரண்டு சதுர மீட்டர் குறைவது வழக்கம், அதை எழுத்தில் குறித்துக் கொடுங்கள். கழிவறையில் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட்டுக் கசிவு பாருங்கள். முடிந்தால் ஒரு மழைக்காலம் முடிந்த பிறகே ஒலிப் பலகையை மாட்டுங்கள்.

புதுச் சொத்தைக் காட்டும் மாற்ற அறிக்கையை 90 நாளுக்குள் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தீயணைப்பு ஏற்பாடுகள் சரியாக உள்ளன என்ற படிவம் பி-யை, உரிமம் பெற்ற ஏஜென்சியிடம் வாங்கி, ஒவ்வொரு ஜனவரியிலும் ஜூலையிலும் கொடுக்க வேண்டும். கட்டடம் முழுக்கச் சொசைட்டியே கொடுக்கிறதா, உங்கள் கூடத்துக்குத் தனியாகவா என்பதை முதல் மாதமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.